மணற்கல் உருளைக்குள் கரியமில வாயு: கழுத்தை அடைத்தது யார்?

மணற்கல் மாணவி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். நிலத்தடியில் கரியமில வாயுவைப் புதைத்தால் கல் என்ன ஆகும் என்பது என் ஆய்வு. மூன்று வாரமாக ஒரு கல் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே பாறை ஓட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கல்: பீரியா மணற்கல். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கல். இந்தத் துறையில் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் மேசைக்கடியில் ஒரு துண்டு கிடக்கும். என் உருளை 3.8 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளம். நுண்துளைமை 19 சதவீதம், அதாவது உள்ளே சுமார் 21.5 மில்லிலிட்டர் நீர் பிடிக்கும். வெப்பநிலை 50 டிகிரி, அழுத்தம் 100 பார். இந்த நிலையில் கரியமில வாயு மீமாறுநிலையில் இருக்கிறது (31 டிகிரி, 73.8 பார் எல்லையைத் தாண்டிவிட்டால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை).

முதலில் 3 சதவீத உப்புநீரை விட்டு ஊடுருவுதிறனை, அதாவது கல் நீரை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பதை அளந்தேன்: 182 மில்லிடார்சி (அதற்கான அலகு). பிறகு கரியமில வாயு கரைந்த உப்புநீர், அதன் பிறகு ஒரு நாள் முழுக்க உலர்ந்த கரியமில வாயு. கடைசியில் பழைய உப்புநீரையே விட்டு மறுபடி அளந்தேன். 61 மில்லிடார்சி!

நான் எதிர்பார்த்தது இதற்கு நேர் எதிர். கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் வந்தால் மணல்மணிகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் கார்பனேட் கரையும். கரைந்தால் வழி அகலம் ஆகும். வெளிவந்த நீரில் கால்சியம் கூடியிருக்கிறது, ஆகவே கரைதல் நடந்தது உறுதி. வழி அகலமான பிறகு ஓட்டம் மூன்றில் ஒன்றாக எப்படிக் குறையும்?

வெளிவந்த நீரைப் பிடித்த குப்பியில் பழுப்பாக ஒரு கலங்கல் இருந்தது. "நுண்துகள் பெயர்ந்து அடைத்திருக்கிறது, அப்படியே எழுது" என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

டிகாக்ஷன் | செவ்வாய், இரவு 10.05

எனக்குப் பாறை தெரியாது, காபி தெரியும். பொடியைக் கொஞ்சம் நைசாக அரைத்துவிட்டால் ஃபில்டரில் வெந்நீர் அப்படியே நிற்கும், காலை வரைக்கும் இறங்காது. பொடியின் அளவு மாறவில்லை, தூள் மட்டும்தான் கூடியது. உங்கள் கதையும் இதுதானோ?

---

பழைய துளைப்பாளர் | செவ்வாய், இரவு 10.50

டிகாக்ஷன் பாதி சரி. ஃபில்டரில் படுக்கை முழுவதும் நைசாக இருப்பதால் தாமதம். பாறையில் அப்படி இல்லை. மணல்மணிகள் பெரியவை, அவற்றுக்கு நடுவே அறைகள் இருக்கின்றன. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் கழுத்துதான் குறுகல். ஊடுருவுதிறனைத் தீர்மானிப்பது கழுத்து. கூடத்தில் எவ்வளவு இடம் இருந்தால் என்ன, வாசற்படியில் ஒருவன் படுத்துக்கொண்டால் வீட்டுக்குள் யாரும் போக முடியாது.

கழுத்தை ஒரு குழாய் என்று வைத்துக்கொண்டால், அதில் ஓடும் நீர் ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. கார்பனேட் கரைவது பெரும்பாலும் அறைச்சுவரில். அதனால் நுண்துளைமை அரை சதவீதம் கூடியிருக்கும். அதே சமயம் பெயர்ந்த துகள்கள் போய் உட்காருவது கழுத்தில். வரவு ஒரு கணக்கில் ஏறுகிறது, செலவு வேறு கணக்கில் போகிறது. நுண்துளைமையை வைத்து ஊடுருவுதிறனைக் கணக்கிடும் சூத்திரங்கள் இந்த இடத்தில்தான் காலை வாரும்.

துகளின் அளவும் முக்கியம், அம்மா. எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. கழுத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட துகள் வாசலிலேயே பாலம் கட்டும். ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்தது உள்ளே புகுந்து வெளியே ஓடிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் பொல்லாதது. உள்ளே நுழையும், ஆழத்தில் போய் மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. கிணற்றுக்காரர்கள் 37 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டது எல்லாவற்றையும் நுண்துகள் என்பார்கள், ஆனால் பீரியாவில் தொல்லை தருபவை சில மைக்ரான் அளவுள்ள களிமண் தட்டுகள்.

உங்கள் வழிகாட்டி சொன்னது சரியாகவே இருக்கலாம்.

---

களிமண் பைத்தியம் | புதன், காலை 7.15

துளைப்பாளர் ஐயாவோடு ஒரு சிறு சண்டை போட வேண்டியிருக்கிறது. துகள் எங்கே மாட்டுகிறது என்று சொன்னீர்கள். அது ஏன் பெயர்ந்தது?

பீரியாவில் முக்கியமான களிமண் கயோலினைட். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஓலைச்சுவடிக் கட்டுகளை அறைச்சுவரில் சாய்த்து வைத்தது போல இருக்கும். மணல்மணிக்கும் சுவடிக்கும் இடையே இரண்டு விசைகள்: நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுக்கும் விசை ஒன்று. இரண்டின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் தள்ளும் விசை மற்றொன்று. நீரில் உப்பு நிறைய இருந்தால் மின்னேற்றம் மறைக்கப்படும், இழுவை வெல்லும், சுவடி சுவரோடு ஒட்டி நிற்கும். உப்பு குறைந்தால் தள்ளுவிசை ஓங்கி, கட்டு பிரிந்து ஏடு ஏடாக மிதக்கும்.

பீரியாவில் இதைப் 1980-களில் கிலார், ஃபோக்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அளந்து காட்டினார்கள். சோடியம் குளோரைடு சுமார் 0.07 மோலாருக்குக் கீழே, அதாவது லிட்டருக்கு நான்கு கிராமுக்குக் கீழே இறங்கினால் துகள் பெயரத் தொடங்கும். மாணவி விட்டது 3 சதவீதம், லிட்டருக்கு முப்பது கிராமுக்குக் குறையாது. எல்லையைவிட ஏழெட்டு மடங்கு மேலே இருக்கிறார்.

அடுத்தது அமிலம். கரியமில வாயு கரைந்த நீரின் பி.எச். மூன்று நான்கு வரை இறங்கும், கார்பனேட் கரையக் கரையக் கொஞ்சம் ஏறும். பி.எச். குறைந்தால் கயோலினைட்டின் எதிர்மின்னேற்றமும் குறைகிறது, ஏட்டின் ஓரங்கள் நேர்மின்னேற்றம்கூடப் பெறும். கூடவே கால்சியம் வேறு கரைந்து வருகிறது. கால்சியம் களிமண்ணுக்குப் பசை மாதிரி. ஆக, மின்விசைக் கணக்குப்படி கரியமில வாயு களிமண்ணை இன்னும் கெட்டியாக ஒட்ட வைக்க வேண்டும்!

பிறகு எப்படித் துகள் பெயரும் என்றால், ஒரே வழிதான். சுவடிக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது மின்விசை இல்லை, கார்பனேட் சிமெண்ட் என்று இருந்திருக்க வேண்டும். சிமெண்ட் கரைந்ததும் உள்ளே சிறைப்பட்டிருந்த களிமண்ணும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடியும் விடுதலையாகும். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் பீரியாவில் அந்தச் சிமெண்ட் கொஞ்சமே. 182-லிருந்து 61-க்குத் தள்ளுமளவுக்கு அதில் சரக்கு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

---

எண் தச்சன் | புதன், காலை 8.30

துகள் என்று தீர்ப்பு எழுதும் முன் மூன்று பேரை விசாரிக்க வேண்டும்.

முதலில் தங்கிய வாயு. கரியமில வாயுவை விரட்ட உப்புநீர் விட்டால் எல்லாமும் வெளியேறாது. குமிழ்களாக அறுபட்டு அறைகளில் தங்கும். துளைவெளியில் 30 சதவீதம் தங்கியது என்று வையுங்கள்: 6.5 மில்லிலிட்டர். 50 டிகிரி, 100 பாரில் அடர்த்தி லிட்டருக்கு 385 கிராம் அளவு, ஆக 2.5 கிராம். உங்கள் உப்புநீர் ஒரு கிலோவில் சுமார் 45 கிராம் கரைக்கும். ஏட்டுக்கணக்கிலேயே 55 மில்லிலிட்டர் வேண்டும், அது துளைவெளியைப் போல இரண்டரை மடங்கு. நடைமுறையில் பத்து மடங்கு விடாமல் அளந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். நீங்கள் எத்தனை மடங்கு விட்டீர்கள்?

அடுத்தது அந்தப் பழுப்பு. பீரியாவில் சிடரைட் உண்டு, அது இரும்புக் கார்பனேட். அமிலத்தில் கரைந்து நிறமில்லாத இரும்பாக வெளியே வரும். குப்பியில் அழுத்தம் போய், காற்றுப் பட்டதும் துருவாகப் படியும். உங்கள் குழாயும் வால்வும்கூட அமிலத்தில் அரித்திருக்கலாம். கலங்கல் என்றாலே களிமண் என்று யார் சொன்னது? சவ்வுத்தாளில் வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். துரு கரையும், கயோலினைட் கரையாது.

கடைசியாக, இரண்டு அளவீடுகளுக்கும் இடையே அந்தக் கல்லைத் தொட்ட திரவங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒன்றுகூட விடாமல்.

---

மணற்கல் மாணவி | புதன், இரவு 11.20

எண் தச்சன் ஐயா, கேள்வியைப் படித்துவிட்டு ஆய்வேட்டைப் புரட்டினேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கடைசியில் விட்ட உப்புநீர் இரண்டு மடங்குதான். எண் நிலைத்துவிட்டது போலத் தோன்றியதால் நிறுத்திவிட்டேன்.

அடுத்தது இன்னும் மோசம். உலர்ந்த வாயு ஓடி முடிந்ததும், அமிலம் அரிக்குமே என்ற பயத்தில் பம்புக் குழாய்களை வடிநீரால் (உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த நீர்) கழுவினேன். கழுவிய நீரைப் பக்க வால்வு வழியாக வெளியேற்றியதாக நினைத்திருந்தேன். இன்று அந்த வால்வுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள குழாயை அளந்தேன். 15 மில்லிலிட்டர் பிடிக்கிறது. அதில் நின்ற வடிநீர் முழுவதும் உப்புநீருக்கு முன்னால் கல்லுக்குள் போயிருக்கிறது!

மூன்றாவதாக, சோதனை நடந்த சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அழுத்தத்தைப் பத்தே நிமிடத்தில் இறக்கினேன். உருளையைச் சுற்றிய ரப்பர் உறையைக் கழற்றியபோது உள்பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கிழட்டு உறை என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிட்டேன்.

---

களிமண் பைத்தியம் | வியாழன், காலை 6.50

பதினைந்து மில்லிலிட்டர் வடிநீர்! துளைவெளியில் முக்கால் பங்கு! அம்மா, பீரியாவுக்கு வடிநீர் கொடுப்பதும் விஷம் கொடுப்பதும் ஒன்றுதான். உப்புநீர் ஊறிய பீரியாவில் திடீரென்று நன்னீரை விட்டு ஊடுருவுதிறனை அடியோடு வீழ்த்திக் காட்டுவது பாடப்புத்தகச் சோதனை. கரியமில வாயுவே தேவையில்லை. சோடியத்தோடு ஊறியிருந்த களிமண் ஏடு ஏடாகப் பிரிந்து கழுத்துகளில் போய்க் குந்திவிடும்.

---

எண் தச்சன் | வியாழன், காலை 7.40

கொப்புளத்துக்குக் காரணம் உறையின் வயது இல்லை. கரியமில வாயு ரப்பருக்குள் ஊறிவிடும், அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளேயே பொங்கி ரப்பரைக் கிழிக்கும். அதேதான் கல்லிலும்: கரைந்திருந்த வாயு குமிழ்களாகப் பொங்கித் துகள்களை உலுக்கியிருக்கும். அடுத்த தடவை உருளைக்கு மேல் டெஃப்லான் நாடாவும் அலுமினியத் தாளும் சுற்றி, அதற்கு வெளியே உறை போடுங்கள். அழுத்தத்தை மணிக்கணக்கில் இறக்குங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

---

பழைய துளைப்பாளர் | வியாழன், மதியம் 1.10

ஆய்வகத்தில் வடிநீர்ப் பிழை நடந்தது என்பதற்காக நுண்துகளையே விடுதலை செய்துவிடாதீர்கள். மாணவி செய்த பிழையை நிலத்திலும் செய்யும் வாய்ப்பு இருக்கிறது. ஸ்னோவிட் கதை தெரியுமா?

நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடல். அங்கே எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை 2008-இல் கடலடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் உள்ள டூபோயன் என்ற மணற்கல் அடுக்கில் செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் நினைத்ததைவிட வேகமாக ஏறியது. முதலில் கை நீட்டியது உப்பை நோக்கி. உலர்ந்த கரியமில வாயு கிணற்றைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டே போகும், எஞ்சிய உப்புநீர் 26 சதவீதத்தைத் தொட்டதும் உப்பு படிகமாக விழும். அதோடு நிற்காது. காய்ந்த இடத்தை நோக்கி, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல, நுண்துளைகள் புது உப்புநீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் காயும், இன்னும் உப்பு. அதனால் கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த நீரை விட்டுக் கழுவினார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் அழுத்தம் மறுபடி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தெரிந்தது: மணற்கல் அடுக்கே சிறிய அறைகளாகப் பிரிந்து கிடந்திருக்கிறது, வாயு பரவ இடம் போதவில்லை. 2011-இல் டூபோயனைக் கைவிட்டு, மேலே உள்ள ஸ்டோ அடுக்குக்கு மாறினார்கள்.

ஒரே கிணற்றில் இரண்டு நோய். உப்பு ஒன்று, இடமின்மை ஒன்று. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான்: அழுத்தமானி ஏறுவது. நுண்துகளும் அடைத்தால் அதே முள் அதே பக்கம்தான் ஏறும். உப்பைக் கழுவலாம் என்று களிமண் நிறைந்த அடுக்கில் யாராவது வெறும் நன்னீரை விட்டால், மாணவியின் வடிநீர்ப் பிழைதான்.

---

பசுமை எங்கே | வியாழன், மதியம் 2.25

இதெல்லாம் எண்ணெய் நிறுவனங்கள் தொடர்ந்து எண்ணெய் எடுக்கச் சொல்லும் சாக்குதானே? கோர்கன் எரிவாயுத் திட்டத்தில் என்ன ஆயிற்று? துகள் அடைத்துத் தோற்றுப்போனதுதானே?

---

எண் தச்சன் | வியாழன், மாலை 4.00

கோர்கனைச் சரியாகச் சொல்வோம். ஆஸ்திரேலியாவின் பேரோ தீவுக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டுபுயி என்ற அடுக்கு. 2019 ஆகஸ்டில் கரியமில வாயு இறங்கத் தொடங்கியது, சொன்ன அளவை எட்டவில்லை, 2021-இல் அதற்கு ஈடாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பன் வரவுகளை (கார்பன் கிரெடிட்) வாங்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே மணல் தொல்லை கொடுத்தது உண்மை. ஆனால் எங்கே? அழுத்தத்தைக் குறைக்க அடுக்கிலிருந்து நீரை இறைத்து வேறு அடுக்கில் விடும் ஏற்பாடு இருக்கிறதே, அதில். வாயு இறங்கும் கிணற்றைச் சுற்றிக் களிமண் ஏடு பெயர்ந்தது என்ற கதை வேறு. நீர் இறைக்கும்போது மணல் கூடவே வருவது எந்தக் கிணற்றிலும் நடக்கும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் விவாதம் குழம்பும்.

---

நெறியாளர் | வியாழன், மாலை 4.20

கரியமில வாயுவைப் புதைப்பது சரியா, தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கல்லைப் பற்றி மட்டும்.

---

ஆழ்துளை | வியாழன், இரவு 8.15

ஐயா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். படிப்பு கிடையாது, அதனால் குறுக்கே பேசத் தயக்கம். எங்கள் வேலையில் வண்டல் மண்ணில் துளையிட்டு, இடுக்குக் குழாய் இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் கொட்டுவோம். அதன் பிறகு உடனே மோட்டார் மாட்ட மாட்டோம். கம்பிரசரை வைத்து ஊதி, நிறுத்தி, மறுபடி ஊதி, நீரை முன்னும் பின்னும் அலைக்கழிப்போம். ஒரே பக்கமாக இழுத்தால் நைசு மணல் இடுக்கில் தாங்கு கொடுத்துக்கொண்டு நிற்கும், நீர் வராது. பின்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் தாங்கல் உடைந்து கலங்கலாக வெளியே வரும். மாணவி அம்மா கல்லைத் திருப்பிப் போட்டு நீர் விட்டுப் பார்க்கலாமே?

---

பழைய துளைப்பாளர் | வியாழன், இரவு 8.40

படிப்பு கிடையாது என்கிறீர்கள், இந்த இழையிலேயே உருப்படியான யோசனை உங்களுடையதுதான்! கல் கரைந்து சிதைந்திருந்தாலோ, வாயு தங்கியிருந்தாலோ, எதிர்த்திசையில் விட்டாலும் எண் பெரிதாக மாறாது. துகள் பாலம் கட்டியிருந்தால் திசை மாறிய கணத்தில் பாலம் உடைந்து எண் துள்ளும், பிறகு துகள்கள் மறுபக்கத்துக் கழுத்துகளில் போய் உட்காரும், எண் மறுபடி இறங்கும். அந்தத் துள்ளலும் இறக்கமும்தான் நுண்துகளின் கையெழுத்து.

நார்வேயின் வட கடல் எரிவாயுக் களமான ஸ்லைப்னரிலும் 1996-இல் கரியமில வாயு இறக்கத் தொடங்கியபோது உட்சிரா அடுக்கின் தளர்மணல் கிணற்றுக்குள் புகுந்து தொல்லை கொடுத்தது. 1997-இல் மறுபடி துளையிட்டு, கல்லும் சல்லடையும் வைத்த பிறகே சீரானது. உங்கள் கூழாங்கல் வேலைதான், ஆழம் மட்டும் கூடுதல்.

---

களிமண் பைத்தியம் | வெள்ளி, காலை 7.05

சோதனையைத் திரும்பச் செய்யும் முன் இன்னொன்றையும் மாணவி கவனிக்க வேண்டும். 1979-இல் மியூக்கி என்பவர் ஒரு எளிய விஷயத்தைக் காட்டினார்: நுண்துகள் தன்னை நனைக்கும் திரவத்தோடுதான் நகரும். களிமண்ணை நனைப்பது நீர். வாயு மட்டும் ஓடி, நீர் சுவரோடு படலமாக நின்றுவிட்டால், துகளும் அந்தப் படலத்துக்குள் அடங்கிக் கிடக்கும். வாயு எவ்வளவு வேகமாகப் போனாலும் அசையாது. நீரும் வாயுவும் சேர்ந்து ஓடும்போதுதான் ஆபத்து.

ஆபத்து அதிகமான இடம் இரண்டும் சந்திக்கும் எல்லை. அந்த வளைந்த நீர்த்தோல் துகளைத் தொட்டுக் கடக்கும்போது அதன் பரப்பு இழுவிசை துகளைச் சுரண்டி எடுக்கும். துகள் சில மைக்ரான்தான். அந்த அளவில் ஓட்டத்தின் உராய்வைவிட நீர்த்தோலின் பிடி பன்மடங்கு வலியது. எச்சில் தொட்டுச் சுவரில் இருக்கும் தூசியை எடுப்பது மாதிரி.

அதனால் தொடர்ந்து ஓடுவதைவிட நிறுத்தி நிறுத்தி ஓடுவது மோசம் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீர் திரும்பி வரும், ஒவ்வொரு தொடக்கத்திலும் எல்லை மறுபடி துகள்களின் மேல் நடக்கும்.

---

எண் தச்சன் | வெள்ளி, காலை 9.15

வேகத்தையும் பேசிவிடலாம், ஏனென்றால் ஆய்வகத்து எண்ணை அப்படியே நிஜக் கிணற்றுக்குக் கொண்டுபோவார்கள்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் டன், ஒரே கிணறு. நொடிக்கு 31.7 கிலோ. அடர்த்தியை லிட்டருக்கு 700 கிராம் என்று வைத்தால் நொடிக்கு 45 லிட்டர். அடுக்கின் தடிமன் 50 மீட்டர், கிணற்றின் ஆரம் 10 செ.மீ. என்றால் பாறையில் நுழையும் இடத்தில் வேகம் நொடிக்கு 1.4 மில்லிமீட்டர். தூரம் கூடக் கூட அதே விகிதத்தில் குறையும். மாணவி நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் விட்டால், உருளையில் வேகம் நொடிக்கு 0.015 மில்லிமீட்டர். அது கிணற்றிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நடப்பது. கிணற்றோரத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

கிணற்றோரம் ஏன் முக்கியம்? ஓட்டம் வட்டமாக விரிவதால் அழுத்தச் செலவு மடக்கை விகிதத்தில் போகும். 10 செ.மீ.யிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்குமான மொத்தச் செலவு 9.2 என்றால், முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே 2.3 போய்விடுகிறது. கால் பங்கு! அந்த ஒரு மீட்டரில் ஊடுருவுதிறன் பத்தில் ஒன்றானால் 2.3 என்பது 23 ஆகும், மொத்தம் 30. அடுக்கில் மற்ற 999 மீட்டரும் பழுதில்லாமல் இருந்தாலும், அதே அளவு வாயுவை இறக்க மூன்று மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். கிணற்றிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் அகல வளையத்தில் அதே சேதம் நடந்தால் யாருக்கும் தெரியாது.

---

மணற்கல் மாணவி | ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு, காலை 10.30

எல்லோருக்கும் நன்றி. அதே கட்டியிலிருந்து வெட்டிய தங்கை உருளை. அலுமினியத் தாள் சுற்றி, புது உறை போட்டு, வடிநீரை ஆய்வகத்தை விட்டே வெளியே வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் 176 மில்லிடார்சி. கரியமில வாயு கரைந்த உப்புநீர் மட்டும், நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர். முதல் பத்து மடங்கு போகும் வரை எண் ஏறியது: 183. நான் முதலில் எதிர்பார்த்த ஏற்றம் இதுதான்! அதற்கு மேல் மெதுவாக இறங்கத் தொடங்கி, நாற்பது மடங்கு போனபோது 165. எதிர்த்திசையில் திருப்பினேன். உடனே 179. நான்கு மடங்கு போவதற்குள் மறுபடி 166. ஆழ்துளை அண்ணா, திரையில் அந்தக் கோடு துள்ளியதைப் பார்த்துக் கை தட்டிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் உலர்ந்த வாயு. அதன் பின் உப்புநீர், இம்முறை பன்னிரண்டு மடங்கு. 148. திருப்பினால் 163, பிறகு 150.

வெளிவந்த நீரைச் சவ்வுத்தாளில் வடிகட்டினேன். தாள் முழுவதும் வெளிர் பழுப்பு. அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பழுப்பு வட்டமாக மறைந்தது. அந்த இடத்தில் முகப்பவுடரை விரலால் தடவியது போல ஒரு வெண்சாம்பல் படலம் மட்டும் மீந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஏடுகள். சுவடியாக இல்லை, உதிரி ஏடுகள். ஆக எண் தச்சன் சொன்ன துருவும் இருந்தது, களிமண்ணும் இருந்தது. நிறம் முழுக்கத் துருவுடையது.

கடைசியில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அதே உருளைக்குள் 15 மில்லிலிட்டர் வடிநீரை வேண்டுமென்றே விட்டு, மறுபடி உப்புநீர். 58.

---

எண் தச்சன் | ஞாயிறு, காலை 11.05

அருமை. முதல் சோதனையின் 61-க்குக் கணக்குத் தீர்ந்தது. 176-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கரியமில வாயுவின் பங்கு, மீதி வடிநீருடையது. உலர்ந்த ஓட்டத்தில் விழுந்த உப்பு பன்னிரண்டு மடங்கு 3 சதவீத நீரில் கரைந்துபோயிருக்கும், ஆகவே அதையும் கழித்துவிடலாம். இறக்கம் சிறியதுதான், ஆனால் நேர்மையான இறக்கம். முதலில் ஏறி அப்புறம் இறங்கிய அந்த வளைவைப் படமாகப் போடுங்கள், எழுத்தைவிட அது பேசும்.

---

களிமண் பைத்தியம் | ஞாயிறு, மதியம் 12.30

183 வரை ஏறியது சிமெண்ட் கரைந்த லாபம். அதற்கு மேல் இறங்கியது சிமெண்டுக்குள் இருந்த துகள் விடுதலையான நட்டம். உலர்ந்த வாயுவுக்குப் பிறகு கூடுதலாக விழுந்த பதினைந்து சொச்சம் நீர்த்தோல் சுரண்டியது என்பேன். அதை உறுதிசெய்ய, உலர்வாயுவை ஒரே மூச்சாக விடாமல் ஐந்தாறு தடவை நிறுத்தி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தால் நான் சொன்னது நிற்கும், விழாவிட்டால் வாபஸ்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உருளையைச் சூளையில் சுட்டு எடுக்கலாம். சில நூறு டிகிரியில் சுட்டால் களிமண் இறுகி அசையாது. அதே சோதனையில் சுட்ட கல் இறங்காமல் நின்றால், துகள்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

---

பழைய துளைப்பாளர் | ஞாயிறு, மதியம் 1.45

சுடுங்கள், ஆனால் சுட்ட கல்லின் எண்ணை எவனாவது நிஜக் கிணற்றுக் கணக்கில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படி ஒரு அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு கிணற்றை நம்பி ஏமாந்தவன். சூடு கார்பனேட்டையும் சிதைக்கும், களிமண்ணை வேறு பொருளாகவே மாற்றிவிடும்.

இன்னொன்று. வழிகாட்டியிடம் போகும்போது முதல் சோதனையை மறைக்காதீர்கள், அம்மா. 61 என்ற அந்த எண் இருந்ததால்தான் 58-க்கு மதிப்பு.

---

மணற்கல் மாணவி | ஞாயிறு, இரவு 9.10

இன்று மாலையே சொல்லிவிட்டேன், ஐயா. "வடிநீரா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசவில்லை. பிறகு அவருடைய பழைய ஆய்வேட்டை எடுத்துவரச் சொல்லி, சோதனைக்குச் சோதனை குழாய் கழுவிய குறிப்புகளைத் தேடத் தொடங்கினார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது உருளை நாளை உப்புநீரில் ஊறப்போகிறது. நிறுத்தி நிறுத்தி விடும் சோதனைக்கு ஆறு சுற்று வைத்திருக்கிறேன். ஆழ்துளை அண்ணா, ஊதிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்?

---

ஆழ்துளை | ஞாயிறு, இரவு 9.35

கலங்கல் தெளியும் வரை, அம்மா. கடிகாரம் பார்ப்பதில்லை. வாளியில் பிடித்து, அடியில் மண் படிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம்.